ஓர் ஏரி, ஒரு பாறை, பதினோரு அதிகாலைகள்

முதல் நாள் 214 படங்கள் எடுத்தேன். விடியற்காலை, ஏரிக்கரை, எதிரே ஒரு குன்று, நடுவில் தண்ணீருக்கு மேல் முதுகு காட்டிக் கிடக்கும் ஒரு பாறை. கேமராவின் பின்திரையில் பார்த்தபோது எல்லாமே அழகாகத்தான் தெரிந்தன. எனக்குப் படம் எடுக்கச் சொல்லித்தரும் சார் அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். அறுபதோ எழுபதோ பார்த்ததும் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"தம்பி, இதில் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. அதை 214 முறை எடுத்திருக்கிறீர்கள்."

எனக்குக் கோபம்தான் வந்தது. அகலமாக எடுத்தேன், நெருக்கமாக எடுத்தேன், கேமராவை நெட்டாகத் திருப்பி எடுத்தேன், இன்னும் என்ன செய்ய வேண்டும்? அவர் சொன்னது புரிய இரண்டு வாரம் ஆயிற்று. ஜூம் வளையத்தைத் திருகித் திருகி எடுத்தேனே தவிர, டிரைபாடின் கால்களை ஓர் அங்குலம்கூட நகர்த்தியிருக்கவில்லை.

அடுத்து வருவது, அதே ஏரியில் அதே பாறையை வைத்து மூன்று மாதங்களில் பதினோரு அதிகாலைகள் நான் செய்த வேலையின் பதிவு. வேலை என்பதைவிடத் தவறுகளின் பட்டியல் என்றால் பொருந்தும். சொல்லிக் கொடுத்தவர்கள் இருவர். சார் ஃபிலிம் காலத்து ஆள்; முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஏரியைப் படம் எடுத்து வருபவர். அக்கா டிஜிட்டல் கேமராவிலேயே தொடங்கியவர். கரைக்கு அருகிலேயே வீடு, வாரத்தில் நான்கு நாளாவது தண்ணீரைப் பார்க்காமல் இருக்க மாட்டார். ஃபில்டர் விஷயத்தில் இருவருக்கும் ஒத்துப்போகாது. எங்கே நிற்க வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒரே பேச்சு.

இரண்டாம் நாள் சார் என் பையைத் திறக்கவே விடவில்லை. ஒரு கெட்டி அட்டையை நீட்டினார். நடுவில் 18 செ.மீ. நீளம், 12 செ.மீ. உயரத்தில் ஒரு சன்னல் வெட்டப்பட்டிருந்தது. கேமராவுக்குள் படம் பதியும் முழு அளவு சென்சார் 36 மி.மீ.க்கு 24 மி.மீ. இருக்கும், அட்டையின் சன்னல் அதைப்போல ஐந்து மடங்கு. ஆகவே கண்ணிலிருந்து 12 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 24 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சி கிடைக்கும், 25 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 50 மி.மீ. லென்ஸின் காட்சி கிடைக்கும். லென்ஸின் எண்ணில் பாதியைச் செ.மீ.யாக எடுத்துக்கொண்டால் போதும். அட்டையின் ஓரத்தில் நூல் கட்டி, 12, 17.5, 25 செ.மீ. தூரங்களில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். முடிச்சைக் கன்னத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும்.

அந்த அட்டையோடு ஒரு மணி நேரம் கரையில் அலைந்தேன். நிமிர்ந்து நின்றால் பாறையைச் சுற்றி நான்கு பக்கமும் தண்ணீர் தெரிந்தது. பாறை தனியாக மிதந்தது. முழந்தாளிட்டதும் அதன் உச்சி எதிர்க்கரையைத் தொட்டது. பாறையும் கரையும் ஒட்டி ஒரே கறுப்புத் திட்டாகிவிட்டன. எழுந்து இடப்பக்கம் இரண்டு எட்டு வைத்தேன். தொலைவில் இருக்கும் குன்று அசையவில்லை, அருகில் இருக்கும் பாறை மட்டும் வலப்பக்கமாக நழுவி, குன்றின் இரு முகடுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்துக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்தது. நேற்று ஜூமைத் திருகிக்கொண்டு நான் தேடியது இதைத்தான். ஜூம் எல்லாவற்றையும் சேர்த்தே பெரிதாக்கும், சேர்த்தே சிறிதாக்கும். பாறைக்கும் குன்றுக்கும் உள்ள உறவை மாற்றக் கால்களால்தான் முடியும்.

பிரதிபலிப்பு விஷயமும் அன்றுதான் உறைத்தது. தண்ணீரில் தெரியும் குன்று, மேலே தெரியும் குன்றின் அச்சுப் பிரதி என்று நினைத்திருந்தேன். கேமரா நீர்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு கீழே ஒரு கண் இருந்து மேல்நோக்கிப் பார்த்தால் என்ன தெரியுமோ, அதுதான் பிரதிபலிப்பில் தெரியும் என்று அக்கா மணலில் கோடு போட்டுக் காட்டினார். அதனால்தான் எதிர்க்கரை மரங்கள் நேரில் குன்றின் அடியை மட்டும் மறைக்கின்றன, தண்ணீரிலோ இடுப்புவரை மறைக்கின்றன. கேமராவைத் தாழ்த்தத் தாழ்த்த இரண்டும் ஒன்றுபோலாகும். ஆனால் தாழ்த்தினால் பாறை கரையோடு ஒட்டிக்கொள்ளும். இந்த இழுபறியில் எனக்குக் கிடைத்த சமரசம் தரையிலிருந்து 1.42 மீட்டர். டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். டிரைபாடின் மூன்று கால்களும் ஊன்ற வேண்டிய இடங்களில் மூன்று கூழாங்கற்களைப் புதைத்து வைத்தேன். அடுத்த முறை போனபோது தண்ணீர் ஏறி மூன்றும் உள்ளே போயிருந்தன, சார் சிரித்தார்.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் சொல்லும்படி ஒன்றுமில்லை. இடம் சரியாக இருந்தது, வெளிச்சம் வரவில்லை. சூரியன் குன்றுக்குப் பின்னாலிருந்து எழுந்ததால் குன்றின் முகம் இருண்டே கிடந்தது. சார் தன் பழைய நோட்டை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் குன்றின் கோட்டுருவம், அதன் மேல் தேதியோடு சிறு வட்டங்கள்: அந்தந்த நாளில் சூரியன் முகம் காட்டிய இடம். ஜூனிலிருந்து டிசம்பருக்குள் சூரியன் உதிக்கும் புள்ளி அடிவானத்தில் 47 டிகிரியாவது நகர்ந்துவிடும். இது நிலநடுக்கோட்டில் உள்ள கணக்கு, அங்கிருந்து வடக்கேயோ தெற்கேயோ போகப் போக இன்னும் கூடும். இப்போது இதைக் கைப்பேசிச் செயலிகளே காட்டிவிடும். செயலி காட்டாத ஒன்றும் அந்த நோட்டில் இருந்தது. எந்த வாரத்தில் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து குன்றின் மடிப்புகளைத் துலக்குகிறது, எந்த வாரத்தில் நேரே விழுந்து எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடுகிறது என்று ஒவ்வொரு வட்டத்தின் கீழும் ஒரு வரி எழுதியிருந்தார். "இன்னும் ஐந்து வாரம் பொறுங்கள்" என்றார். பொறுத்தேன். அதற்குள் கற்றுக்கொள்ள வேறு தவறுகள் நிறைய இருந்தன.

ஐந்தாம் நாள் எஃப்/22. எல்லாம் கூர்மையாக வர வேண்டும் என்ற ஆசையில் அபர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, முடிந்தமட்டும் சுருக்கினேன்; எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் முன்னாலும் பின்னாலும் ஒரே சீராக மங்கல். சிறு துளை வழியே போகும் ஒளி சிதறி விரிவதால் வரும் மங்கல் அது. 1932-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் போன்ற புகைப்படக் கலைஞர்கள் கூடித் தங்கள் குழுவுக்கே எஃப்/64 என்றுதானே பெயர் வைத்தார்கள் என்று கேட்டேன். "அவர்கள் பயன்படுத்தியது உள்ளங்கையைவிடப் பெரிய ஃபிலிம், தம்பி. அதைப் பெரிதாக்க வேண்டிய தேவையே குறைவு. உங்களுடையது தபால்தலை அளவு" என்றார் சார். பிறகு கணக்குப் போட்டோம். 24 மி.மீ. லென்ஸில் எஃப்/8 வைத்து ஏறத்தாழ 2.4 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் 1.2 மீட்டரிலிருந்து அடிவானம்வரை ஏற்றுக்கொள்ளக்கூடிய கூர்மை கிடைக்கும். என் பாறையோ ஐந்து மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நான் எதற்காக எஃப்/22-இல் தவம் கிடந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. இந்தக் கணக்கு சிறிய பிரிண்டுக்குத்தான் போதும் என்பதால் சார் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்: எஃப்/8-க்குச் சொன்ன தூரத்தில் ஃபோகஸை நிறுத்திவிட்டு எஃப்/11-இல் எடுப்பார். அதன்பின் நான் அபர்ச்சர் வளையத்தைத் தொட்டதே இல்லை.

ஃபில்டர் சண்டைக்கு வருகிறேன். வானம் வெளிச்சம், தரை இருட்டு. இரண்டையும் ஒரே படத்தில் பிடிப்பது நிலக்காட்சியில் பழைய தலைவலி. சார் மேற்பாதி கருத்த கண்ணாடி ஃபில்டரை லென்ஸின் முன்னால் செருகுவார். எனக்கும் ஒன்றைக் கொடுத்தார். வானம் அடங்கியது; கூடவே குன்றின் உச்சியும் கருகிப்போனது. கடலுக்கும் சமவெளிக்கும் அது பொருந்தும், எதிரே முகடு நீட்டிக்கொண்டிருந்தால் காலை வாரிவிடும். அக்கா இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) குறைவாக, சரியாக, இரண்டு ஸ்டாப் கூடுதலாக என்று மூன்று படம் எடுத்துக் கணினியில் இணைப்பார். "அது படம் பிடிப்பதில்லை, தையல் வேலை" என்பது சாரின் கட்சி. "நீங்கள் ஃபிலிமைப் பிரிண்ட் போடும் இருட்டறையில் கைவிரலால் வெளிச்சத்தை மறைத்தது மட்டும் என்னவாம்?" என்பது அக்காவின் பதில். நான் அக்காவின் பக்கம். ஆனால் சார் சொன்ன ஒரு விதியை இரு கட்சியுமே மீறக் கூடாது. தண்ணீரில் தெரியும் வானம் மேலே இருக்கும் வானத்தைவிட வெளிச்சமாக இருக்க முடியாது, ஏனென்றால் விழுந்த ஒளி முழுவதையும் தண்ணீர் திருப்பி அனுப்புவதில்லை. என் ஆறாம் நாள் படங்களில் வானத்தை அளவுக்கு மீறி அடக்கியதில், ஏரிக்குள் யாரோ விளக்குப் போட்டதுபோல் இருந்தது. பார்ப்பவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனாலும் ஏதோ பொய் என்று கண் சொல்லிவிடும்.

அதே நாளில் இன்னொரு பாடம். உதயத்துக்குச் சற்று முன் வானம் குங்குமமாகச் சிவந்தது. ஹிஸ்டோகிராம் (வெளிச்சத்தின் பரவலைக் காட்டும் வரைபடம்) வலப்பக்கச் சுவரைத் தொடவில்லை, அதாவது எதுவும் வெளிறிப்போகவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். வீட்டில் பார்த்தால் சிவப்பு முழுவதும் விவரமில்லாமல் வழிந்து கிடந்தது. நான் பார்த்தது மொத்த வெளிச்சத்தின் வரைபடம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே காட்டும் வரைபடம் அதே கேமராவில் இருக்கிறது. அதில் சிவப்பு மட்டும் எப்போதோ சுவரை முட்டியிருக்கும். இந்த ஒரு பட்டனை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லையே என்று அக்காவிடம் புலம்பினேன். "கையேட்டை யார் படிக்க வேண்டும்?" என்றார்.

ஏழாம் நாளைத்தான் நான் மறக்க மாட்டேன். தண்ணீரைப் பனித்திரைபோல வழவழப்பாக்கும் ஆசை எல்லாருக்கும் ஒருமுறை வரும். பத்து ஸ்டாப் கறுப்பு ஃபில்டர் வாங்கினேன். பத்து ஸ்டாப் என்றால் ஒளி 1024-இல் ஒரு பங்காகக் குறையும். 1/15 விநாடி எக்ஸ்போஷர் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) 68 விநாடியாக நீளும். ஆறு படங்கள் எடுத்தேன். ஆறிலும் நடுவில் ஊதா நிறத்தில் ஒரு புகைப்பட்டை. ஆறிலும் பாறைக்கு இரட்டை விளிம்பு.

புகைப்பட்டையின் காரணத்தை அக்கா அரை நிமிடத்தில் கண்டுபிடித்தார். என்னுடையது கண்ணாடி மடங்கும் பழைய வகை டி.எஸ்.எல்.ஆர். கேமரா. வெளிச்சம் முதுகுப்பக்கமாக, கண் வைத்துப் பார்க்கும் துளை வழியே உள்ளே கசிந்திருக்கிறது. சாதாரண வேகத்தில் அது பொருட்டே இல்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் ஷட்டர் திறந்திருந்தால் படத்தைக் கெடுத்துவிடும். கேமரா வாரிலேயே அந்தத் துளையை மூட ஒரு ரப்பர் மூடி கோத்திருந்தது. நான்கு ஆண்டுகளாக அது எதற்கென்று தெரியாமல் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இரட்டை விளிம்புக்குத்தான் நேரம் பிடித்தது. லென்ஸின் அசைவுத் தடுப்பை அணைத்தோம். சிறிது குறைந்தது, போகவில்லை. சார் டிரைபாடுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தலையில் இருக்கும் நீர்மட்டக் குமிழியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடம்பை மாற்றினேன். குமிழி மெதுவாக ஓரத்துக்கு நகர்ந்தது. கரை முழுக்கச் சேறு. மேலே மட்டும் மணல் படிந்திருக்கிறது. என் எடைக்குச் சேறு அமுங்க, பக்கத்தில் ஊன்றிய டிரைபாடின் கால் அதோடு இறங்கியிருக்கிறது. 68 விநாடியில் ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலே போதும். தீர்வு எளிது. கால்களை ஒவ்வொன்றாகக் கெட்டித்தரை தட்டும்வரை அழுத்தி ஊன்ற வேண்டும், அடியில் தட்டையான கல் கிடைத்தால் வைக்க வேண்டும், இரண்டு நிமிடம் காத்திருந்து குமிழியை மறுபடி பார்க்க வேண்டும், பிறகு ரிமோட்டை எடுத்துக்கொண்டு மூன்று எட்டு தள்ளிப்போய்ச் சிலையாக நிற்க வேண்டும்.

சேற்றில் அழுத்தியதற்கான கூலியை டிரைபாடுக்குக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தபோது அடிப்பகுதிக் கால்கள் உள்ளே போகும்போதெல்லாம் மணல் அரைபடும் சத்தம். திருகு வளையத்தை முழுவதும் கழற்றி, அடிக்காலை உருவினேன். காலின் மேல்நுனியில் அரைவட்டப் பிளாஸ்டிக் பட்டைகள் இரண்டு, உள்ளே ஒரு பிளவு வளையம். எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் மரைகளைத் தேய்த்து, ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, மரைகளில் மட்டும் மெல்லிய கிரீஸ் தடவி மாட்டினேன். இரண்டு கால்கள் சரியாகிவிட்டன. மூன்றாவது கால் பூட்டிய பிறகும் தன்னைத்தானே சுற்றியது. மறுபடி கழற்றிப் பார்த்தால், பிளாஸ்டிக் பட்டையின் உட்புறக் குமிழ், காலில் உள்ள சிறு துளைக்குள் உட்காராமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. செய்யப்போகிறவர்களுக்கு ஒரு சொல்: ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் கழற்றுங்கள், கழற்றும் வரிசையில் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் மூன்றையும் ஒரே வாளியில் போட்டேன்.

எட்டாம் நாளுக்கு முன் சார் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு டிரைபாடை நிறுத்தி, கேமராவை மாட்டி, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை 100-க்குக் கொண்டுவர வேண்டும். முதல் முயற்சிக்கு ஆறு நிமிடம். ஒரு வாரத்தில் இரண்டு நிமிடத்துக்குள் வந்தது. ஏன் இந்த வித்தை என்றதற்கு ஆடம்ஸின் நிலவுப் படக் கதையைச் சொன்னார். 1941 நவம்பர் 1 மாலை, நியூ மெக்ஸிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர். கல்லறைச் சிலுவைகளின் மேல் கடைசி வெயில், மேலே நிலவு. அவசரத்தில் ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதிலிருந்து எக்ஸ்போஷரைக் கணக்கிட்டு எடுத்துவிட்டார். அடுத்த படத்துக்குத் தயாராவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. "உங்களுக்கு 250 வேண்டாம். மண்டை விளக்கைத் தேடாமல் இருந்தால் போதும்" என்றார்.

இரவு வானம் தெளிந்து, காற்றும் அடங்கியிருந்தால் விடியலில் ஏரியின் மேல் மூடுபனி எழும்: தரையும் அதன் மேலுள்ள காற்றும் குளிர்ந்துவிடும், தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பாகவே இருக்கும், அதிலிருந்து ஏறும் ஈரம் குளிர்ந்த காற்றில் ஆவியாகத் தெரியும். இது புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் இந்த ஏரியில் அது வடக்கு மூலையில் பிறந்து, பாறைப் பக்கம் வந்துசேர இருபது நிமிடம் எடுக்கும் என்பதும், உதயமாகி அரை மணி நேரத்தில் காற்று கிளம்பிப் பிரதிபலிப்பை உடைத்துவிடும் என்பதும் அக்காவுக்குத்தான் தெரியும். ஒன்பதாம் நாள் முந்தைய இரவு பத்து மணிக்கு அவர் அனுப்பிய செய்தியில் இரண்டே சொல்: "நாளை வா."

போனேன். இருட்டில் கால்களை ஊன்றினேன், அழுத்தினேன், குமிழி பார்த்தேன். நீட்டிய கையின் மடக்கிய முட்டி ஏறத்தாழ 10 டிகிரி. குன்றின் வலத் தோள் அடிவானத்திலிருந்து ஒரு முட்டி உயரம். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகரும் என்பதால் உதயத்துக்குப் பிறகு நாற்பது நிமிடத்தில் வெயில் வரும் என்று கணக்கிட்டேன். அது சாய்வாக ஏறுவதால் நாற்பத்தெட்டு ஆயிற்று. காற்று எப்போதும்போல் அரை மணியில் கிளம்பியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அன்று தாமதித்தது. வெயில் பக்கவாட்டில் வந்து குன்றின் மடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்ட, பாறையைச் சுற்றிப் பனி முழங்கால் உயரத்தில் நின்றது. 24 மி.மீ., எஃப்/11, ஐ.எஸ்.ஓ. 100. ஒன்பது படங்கள் எடுத்தேன். பத்தாவதற்குள் தண்ணீரில் சிற்றலை எழத் தொடங்கிவிட்டது.

பத்தாம் நாள் மழை; லென்ஸைத் துடைத்ததுதான் வேலை.

ஒன்பதில் இரண்டைச் சிறு பிரிண்ட் போட்டுப் பதினோராம் நாள் கரைக்கே கொண்டுபோனேன். சார் முதலில் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அப்படிப் பார்த்தால் பாறை, குன்று என்ற பெயர்களெல்லாம் போய், வெளிச்சமும் இருட்டும் எங்கே கனக்கின்றன என்பது மட்டும் தெரியுமாம். நேராக்கினார். பென்சிலை எடுத்து இடது ஓரத்தில், சட்டத்துக்குள் அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நாணல் நுனியைச் சுற்றி வட்டம் போட்டார். ஒன்பது முறை ஷட்டரை அழுத்தியும் நான் அதைப் பார்க்கவில்லை. அக்கா பிரிண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அரை எட்டு வலப்பக்கம் நின்றிருந்தால் வந்திருக்காது" என்றார். "நின்றால் பாறை பள்ளத்தை விட்டு நகர்ந்துவிடும்" என்றார் சார். இருவரும் பிரிண்டை என்னிடம் திருப்பித் தராமலேயே கரையில் இறங்கி, அந்த இடத்தில் நின்று, முறை வைத்து அட்டையைக் கண்ணில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.